காலிப் பெஞ்சுகளும் ஒரு பழைய பிஷப்பும்

போன மாதம் எங்கள் கோயிலில் பின்வரிசைப் பெஞ்சுகளை எடுத்துச் சுவரோரமாக அடுக்கிவிட்டார்கள். கோயில் என்றதும் பரமசிவன் மலையை நினைத்துவிட வேண்டாம். சி.எஸ்.ஐ. சபையின் ஆலயத்தையும் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் கோயில் என்றுதான் சொல்வோம். போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன சபை அது. ஊர்ப் பெயரை எழுதினால் யாராவது கோபித்துக்கொள்வார்கள், விட்டுவிடுகிறேன். பெஞ்சுகள் ஈட்டி மரம். ஏலமலையில் மரம் கேட்பாரற்றுக் கிடந்த காலத்தில் செய்தவை. நாலு பேர் பிடித்தால்தான் நகரும். "ஆள் உட்காராத பெஞ்சை வாராவாரம் யார் தொடைக்கிறது?" என்று கமிட்டியில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பொருளாளராகப் பல வருஷம் இருந்தவன் நான். எனக்கும் பதில் தெரியவில்லை.

அந்த ஞாயிறு பிரசங்கத்துக்கு வந்திருந்த இளம் போதகர், மேல்நாடுகளில் சர்ச்சுகளை விற்று ஓட்டலாக்கிவிட்டார்கள், அந்தக் காற்று இங்கேயும் வீசுகிறது என்றார். நான் பின்னால் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர் சொன்னது சரியில்லை என்று பட்டது. அங்கே பெஞ்சு காலியானதற்கும் இங்கே காலியானதற்கும் காரணம் ஒன்றல்ல. தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவனுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆள் இறந்துபோனாலும் கடிதம் திரும்பி வரும், ஆள் வீடு மாறிப் போனாலும் திரும்பி வரும். ஆனால் உறையின் மேல் எழுதுகிற குறிப்பு வேறு.

எங்கள் சபை எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மதுரைப் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகளில் பெரும்பாலோர் அமெரிக்கன் மதுரை மிஷனின் வாரிசுகள். அந்த மிஷனை அனுப்பியது பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு. அந்தப் போர்டு பிறந்ததே ஒரு கோட்பாட்டுச் சண்டையின் சூட்டில்தான். 1805ல் ஹார்வர்டு கல்லூரியில் வேதசாஸ்திரப் பேராசிரியர் பதவிக்கு ஹென்றி வேர் என்பவரை நியமித்தார்கள். அவர் திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் கருத்துக்காரர். பழைய விசுவாசிகள் கொதித்துப்போய் ஆண்டோவரில் 1807ல் தனியாக ஒரு செமினரி வைத்தார்கள். அங்கே படித்த வாலிபர்களின் தூண்டுதலால் 1810ல் அமெரிக்கன் போர்டு உண்டானது. 1816ல் அதன் மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1834ல் அங்கிருந்து மதுரைக்கு வந்தார்கள். பிறகு திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை, பெரியகுளம் என்று மேற்கே நகர்ந்து, கடைசியில் மலையடிவாரம் வரை வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் விட்டுவந்த ஊரில் சண்டை கோர்ட்டுக்குப் போயிருந்தது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் டெடாம் என்ற ஊர். ஊர்ப் பெரும்பான்மை ஒரு யூனிட்டேரியன் போதகரைத் தேர்ந்தெடுத்தது. சபை அங்கத்தினரில் பெரும்பாலோர் ஒப்பாமல் வெளியேறினார்கள். கோயில் சொத்து யாருக்கு? வெளியேறினவர்களுக்கு இல்லை, ஊரோடு தங்கினவர்களுக்குத்தான் என்று 1820ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திருவிருந்துப் பாத்திரம்கூட வெளியே போனவர்களுக்கு இல்லை. அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் பிரிந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான் அவர்களுக்கு, விசுவாசம் நமக்கு என்று பிரிந்தவர்கள் தங்களைத் தேற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். எங்கள் பெஞ்சுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் வருகிறது.

இங்கே வந்த பிறகு மிஷனரிகள் சந்தித்த முதல் பெரிய பிளவுக்குத் திரித்துவமும் காரணமில்லை, மறுமையும் காரணமில்லை. சோறுதான் காரணம். 1847ல் மதுரை மிஷன் ஒரு தீர்மானம் போட்டது. சபையில் இருக்கிறவர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். அதற்கு அன்பின் விருந்து என்று பெயர். உபதேசியார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று மிஷன் நம்பியிருந்த ஆட்களே பலர் எழுந்து போய்விட்டார்கள். சபைப் புத்தகத்தில் வரிசையாகப் பெயர்கள் அடிபட்டன. அதே காலத்தில் லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் இவ்வளவு கறாராக இல்லை. அவர்களுக்கும் அதற்கு ஒரு வேதசாஸ்திர நியாயம் இருந்தது. சாதி ஒரு சமூக வழக்கம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும் என்றார்கள். யார் சொன்னது சரி என்று இன்று சொல்வது சுலபம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எழுந்து போனவர்கள் கிறிஸ்துவை விட்டுப் போகவில்லை. வேறு பந்தி தேடிப் போனார்கள்.

இதற்குப் பத்து வருஷம் கழித்து நாசரேத்துப் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம், கால்டுவெல் நாடார்களைப் பற்றி எழுதியதாலும் மிஷனரிகளோடு ஏற்பட்ட மனஸ்தாபத்தாலும் 1857ல் தனிச் சபையே கண்டார். இந்து கிறிஸ்தவ சபை என்பது அதன் பெயர். வெள்ளைக்கார உதவி ஒன்றும் வேண்டாம் என்றார். அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எங்களுக்கு இன்னும் பக்கத்தில், வருஷநாட்டு மலையைத் தாண்டி அந்தப்புறம் வத்திராயிருப்புப் பக்கத்தில், கிறிஸ்தியான்பேட்டை என்று ஓர் ஊர். ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன் என்பவர் மிஷன் சம்பளம் வாங்காமல் அதைக் கட்டினார். 1860ல் அங்கே ஓர் எழுப்புதல் வந்தது. ஜனங்கள் அழுதார்கள், விழுந்தார்கள், தரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில் 1906ல் நடந்த கூட்டங்களைத்தான் பெந்தெகோஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் புத்தகங்களில் எழுதுவார்கள். அதற்கு 46 வருஷம் முந்தியே, எங்கள் மலைக்கு அந்தப்பக்கத்துக் கரிசல் காட்டில் இது நடந்திருக்கிறது. ஆகவே இதை அமெரிக்கச் சரக்கு என்று சொல்கிற நம்மவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சரக்கு என்று பார்த்தால் நம் கோயில்தான் அமெரிக்கச் சரக்கு.

இனி 1947. எங்கள் அப்பா உபதேசியார். அவர் வாயில் அடிக்கடி வருகிற வருஷம் அது. சுதந்திரத்தைச் சொல்கிறார் என்று நான் நினைப்பேன். அவர் சொன்னது செப்டம்பர் 27ஆம் தேதியை. அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. மூன்றாவதாகச் சொன்ன ஐக்கிய சபை, 1908ல் காங்கிரிகேஷனல்காரர்களும் பிரெஸ்பிட்டேரியன்காரர்களும் சேர்ந்து உண்டானது. அதுதான் எங்கள் வழி.

இந்தச் சேர்க்கைக்கான விதை 1919 மே மாதம் தரங்கம்பாடியில் போடப்பட்டது. கூடியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். முன்னால் நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். அவர்கள் கேட்டது நேரான கேள்வி: இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் யாரோ போட்ட சண்டைக்கு நாங்கள் ஏன் தனித்தனிப் பந்தியில் உட்கார வேண்டும்?

கேள்வி நேரானதுதான். பதில் வர 28 வருஷம் ஆயிற்று. தடுத்தது என்ன? பிஷப். ஆங்கிலிக்கன் கணக்கில், அப்போஸ்தலர் காலத்திலிருந்து கை மேல் கை வைத்து வந்த பிஷப் ஒருவர் கை வைத்தால்தான் ஒருவர் முறையான குரு. எங்கள் காங்கிரிகேஷனல் வழியிலோ பிஷப்பே கிடையாது. சபையார் கூடித் தேர்ந்தெடுத்தவர் போதகர். அப்படியானால் சேர்ந்த பிறகு எங்கள் போதகர்களுக்கு மறுபடி கை வைக்க வேண்டுமா? வைத்தால், இதுவரை அவர்கள் கொடுத்த திருவிருந்து செல்லாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வைக்காவிட்டால் ஆங்கிலிக்கன் மனசாட்சி இடிக்கும். இதற்காகக் கமிட்டி மேல் கமிட்டி போட்டார்கள். கடைசியில் கண்ட வழி: இருக்கிற எல்லாரையும் அப்படியே ஏற்றுக்கொள்வது, இனிமேல் வருகிறவர்களுக்குப் பிஷப் கை வைப்பது, 30 வருஷம் இப்படிக் கலந்தே ஓட்டுவது, எந்தச் சபைக்கும் அதன் மனசாட்சிக்கு ஒவ்வாத குருவையோ ஆராதனை முறையையோ திணிப்பதில்லை என்று எல்லாரும் வாக்குக் கொடுப்பது.

அந்த வாக்குக்கு எழுத்தில் அதிகப் பாதுகாப்புக் கிடையாது. ஒருவரையொருவர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். இதைப் பார்த்து லண்டனில் பலருக்குத் தூக்கம் போயிற்று. கவிஞர் டி. எஸ். எலியட் 1943ல் இந்தத் திட்டத்தைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதினார். சேர்ந்த பிறகும் இங்கிலாந்து சபை எங்களோடு முழு ஐக்கியம் வைத்துக்கொள்ளத் தயங்கியது. ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் மக்கள் உள்ளே வராமல் பல வருஷம் தனித்து நின்றார்கள். அசரியா இதையெல்லாம் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு அன்று காலமாகிவிட்டார்.

14 திருமண்டலங்கள், அதில் ஒன்று யாழ்ப்பாணம். மதுரை-இராமநாதபுரத்துக்கு வந்த பிஷப் லெஸ்லி நியூபிகின். வயது 37. ஸ்காட்லாந்து சபையில் குருப்பட்டம் பெற்ற பிரெஸ்பிட்டேரியன். அதாவது அதுவரை பிஷப் என்ற பதவியே இல்லாத வழியில் வந்தவர் பிஷப்பாகி, பிஷப்பே வேண்டாம் என்று இருந்த எங்களுக்கு வந்தார். நன்றாகத் தமிழ் பேசுவார், தமிழிலேயே பிரசங்கம் செய்வார். அப்பாவுக்கு அவர் பேரில் தனிப் பிரியம். பட்டம் பெற்ற குருமார் போதாத ஊர்களில் அந்தந்தச் சபையாரே பொறுப்பெடுத்து நடத்த வேண்டும் என்று அவர் நினைத்தார். உபதேசியார் ஒருவருக்கு அதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்? 1959 வரை மதுரையில் இருந்தார்.

பிஷப்பின் கையைப் பற்றி 28 வருஷம் பேசினார்களே, அதைப் பற்றி எங்கள் கோயிலில் யாராவது ஒருவர் ஒரு நாளாவது சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சபையைப் பிரித்தவை வேறு. குழந்தைக்கு நெற்றியில் தண்ணீர் தெளித்தது ஞானஸ்நானமா? வியாதிக்கு ஜெபம் மட்டும் போதுமா? நகை போடலாமா? ஆராதனையில் டிரம்ஸ் அடிக்கலாமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளைக்கார ராகத்தில் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்த மதுரை மிஷனில், வேதநாயக சாஸ்திரியார் முதலானவர்களின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853ல் புத்தகமாகப் போட்டவர் எட்வர்டு வெப் என்ற அமெரிக்க மிஷனரி. அன்றைக்குத் தாளமும் ஜால்ராவும் புதுசு. இன்றைக்கு அவையே பரிசுத்தம், டிரம்ஸ் பாவம்.

முதல் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

என் தங்கச்சியைப் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். தோட்டத்துக்குள்ளேயே குடியிருப்பு. 1986 மழைக்காலத்தில் அவளுடைய இரண்டாவது பையனுக்குக் காய்ச்சல், விடவே இல்லை. மலையில் மழை என்றால் தெரியும்தானே, மண் சரிந்தால் பாதை இல்லை. எங்கள் குருவானவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரே ஆளுக்கு எத்தனையோ கிராமம். மூன்றாவது வாரம்தான் அவரால் வர முடிந்தது. ஆனால் காலையில் போடியிலிருந்து பொம்பளைகளை வேலைக்கு ஏற்றிப் போகிற ஜீப் இருக்கிறதே, அதில் தொற்றிக்கொண்டு ஒருவர் தினமும் வந்தார். ஒரு காலத்தில் அதே ஜீப்பில் கிளீனராக இருந்தவர். ஒரு சின்ன பெந்தெகோஸ்தே கூட்டத்துக்குப் பாஸ்டர். ராத்திரி அந்த வீட்டுத் திண்ணையில் முழங்காலில் நின்றார். பிறகு பையனை மதுரைக்குக் கொண்டுபோனோம், ஊசி போட்டார்கள், பிழைத்தான். எது பிழைக்க வைத்தது என்று தங்கச்சியிடம் நான் விவாதம் செய்ததில்லை. எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆனால் நானும் அந்த மூன்று வாரத்தில் ஒரே ஒரு தடவைதான் மலையேறினேன் என்பதும் உண்மை.

தை மாதம் அவள் கொட்டகுடி ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். காதில் கழுத்தில் இருந்ததைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அவள் குழந்தையாக இருந்தபோது வாங்கின ஞானஸ்நானம் அப்பா கையெழுத்தில் கோயில் பதிவேட்டில் இருக்கிறது. அது செல்லாது என்றால் அப்பா எழுதினது செல்லாது என்றுதானே அர்த்தம்? நான் குதித்தேன். மதுரை மிஷன், 1947, அசரியா என்று என்னென்னவோ பேசினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "தண்ணி சில்லுன்னு இருந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் ஒருத்தி இல்லை. மலை முழுக்க அப்படித்தான் நடந்தது. 1940களிலிருந்து மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து குடியேறினவர்களோடு மலையாளப் பெந்தெகோஸ்தே சபைகள் மேற்கே இருந்து ஏறின. இலங்கையில் 1920களில் தொடங்கிய சிலோன் பெந்தெகோஸ்தே மிஷன் தமிழ்நாடெங்கும் பரவி, இப்போது தாம்பரம் அருகே இரும்புலியூரில் தலைமையிடம் வைத்திருக்கிறது. வெள்ளை உடை, நகை இல்லை, மருந்து இல்லை, ஊழியருக்குக் கல்யாணம் இல்லை. இவற்றுக்கு நடுவே பெயரே இல்லாத, ஒரு தகரக் கொட்டகையும் ஒரு மைக்குமாக இருக்கிற கூட்டங்கள் எத்தனையோ. எங்கள் குருவானவர் மாதம் ஒரு முறை திருவிருந்து கொடுக்க வருவார். அந்தப் பாஸ்டர் அதே லயத்தில் குடியிருப்பார்.

பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் நியூபிகின் எழுதிய ஒரு நூல் கிடைத்தது. 1953ல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் கிளாஸ்கோவில் ஆற்றிய சொற்பொழிவுகள். அதாவது எங்கள் பிஷப்பாக இருக்கும்போதே எழுதியது. திருச்சபை என்றால் என்ன என்று கேட்டு மூன்று பதில்களை வைக்கிறார். விசுவாசத்தால் கேட்கிறவர்களின் கூட்டம் என்பது புராட்டஸ்டண்ட் பதில். வழிவழியாக வருகிற உடல் என்பது கத்தோலிக்கப் பதில். மூன்றாவதாக, பரிசுத்த ஆவி இப்போது இங்கே இருக்கிறாரா இல்லையா என்று பார்க்கிற பெந்தெகோஸ்தே பதில். இந்த மூன்றாவது கூட்டத்தாரை மற்ற இருவரும் ஒதுக்க முடியாது, அவர்களிடம் கற்க வேண்டியது இருக்கிறது என்பது அவர் கருத்து. மெத்தப் படித்த வேதசாஸ்திரிகள் அவர்களைத் திரும்பிப் பார்க்காத காலம் அது. அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். 1986ல் நான் போட்ட கூச்சலுக்கு என் சொந்த பிஷப் 34 வருஷம் முன்பே பதில் சொல்லி வைத்திருந்தார்.

நியூபிகின் கதை அத்தோடு முடியவில்லை. ஜெனீவா, பிறகு சென்னையில் பிஷப், 1974ல் ஓய்வு. அவரும் மனைவி ஹெலனும் இரண்டு பெட்டிகளோடு இந்தியாவிலிருந்து பஸ்ஸும் இன்னபிறவுமாகத் தரைவழியே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பர்மிங்காமில் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே, மூட இருந்த ஒரு சின்ன ஆலயம். எழுபது வயதில் அதற்குப் போதகராகப் போனார். வயதான ஒரு சிறு கூட்டம்தான் சபை. வீடு வீடாகப் போனால், ஆசியாவிலிருந்து வந்து குடியேறினவர்கள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம், ஆங்கிலேயர் வீட்டில்தான் கதவு சாத்தப்பட்டது. மதுரைக் கிராமங்களில் கண்டதைவிடக் கடினமான மிஷன் களம் சொந்த நாடுதான் என்று கண்டுகொண்டார். அதைப் பற்றியே எழுதினார். 1998ல் காலமானார்.

அங்கே நிலைமை என்ன? அவருக்குப் பட்டம் கொடுத்த ஸ்காட்லாந்து சபையில் 1950களில் 13 லட்சம் அங்கத்தினர். இன்று 3 லட்சத்துக்கும் குறைவு. வின்சன் கிரீன் ஆலயம் சேர்ந்திருந்த ஐக்கிய சீர்திருத்த சபையில் 1972ல் ஏறத்தாழ 2 லட்சம், இன்று 50 ஆயிரத்துக்கும் கீழே. எங்களை அனுப்பிய பாஸ்டன் காங்கிரிகேஷனல்காரர்கள் 1957ல் மற்றவர்களோடு சேர்ந்து ஐக்கியக் கிறிஸ்து சபை ஆனார்கள். அப்போது 20 லட்சம் பேருக்கு மேல், 2022ல் 7 லட்சம் சொச்சம். நம் தாய் வீட்டைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஐக்கிய மெத்தடிஸ்ட் சபையில் ஓரினச் சேர்க்கையாளர்களின் திருமணத்தையும் குருத்துவத்தையும் பற்றிய சண்டையில் 2019க்கும் 2023க்கும் இடையே 7,600 சபைகள் போல வெளியேறின; ஏறக்குறைய நாலில் ஒன்று. அங்கே சண்டை போட்டுப் பிரிகிறவர்கள் ஒரு பக்கம், சண்டையே போடாமல் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகைதான் அதிகம்.

இங்கே? 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 37.85 லட்சம், நூற்றுக்கு 6.07. 2011ல் 44.18 லட்சம், 6.12. பெஞ்சு காலி, ஆனால் ஜனம் குறையவில்லை. கொஞ்சம் பேர் பிழைப்புக்குத் திருப்பூர், சென்னை, பெங்களூர் போனார்கள். மீதிப் பேர் வேறு பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். உறையின் மேல் நாம் எழுத வேண்டிய குறிப்பு 'காலமானார்' இல்லை, 'வீடு மாறினார்'.

வீடு ஏன் மாறினார்கள் என்றால் கோட்பாடு மட்டும் காரணமா? எங்கள் சபைத் தேர்தலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒருவரையொருவர் நம்புவோம் என்று வாக்குக் கொடுத்துத் தொடங்கிய திருச்சபையின் தலைமை நிர்வாகத்தைக் கவனிக்க 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்க வேண்டி வந்தது. டெடாம் ஊர் வழக்குக்காவது திரித்துவம் காரணம். எங்கள் வழக்குகளுக்குப் பதவிக் காலமும் வயது வரம்பும் காரணம். நானும் தேர்தலில் சாதி பார்த்து ஓட்டுக் கேட்டவர்களோடு டீ குடித்தவன்தான். யாரையும் தனியாகச் சொல்வதற்கில்லை.

ஆனால் ஒன்று. போனவர்கள் முழுவதுமாகப் போய்விடவும் இல்லை. கல்லறைத் தோட்டம் எங்களிடம் இருக்கிறது.

தகரக் கொட்டகைச் சபைகளுக்கு அடக்கம் செய்ய இடம் கிடையாது. ஆகவே ஞாயிறு அங்கே போனாலும் சந்தாவை இங்கே கட்டி, புத்தகத்தில் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கள் சந்தாப் புத்தகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தலைக்கணக்குக்கும் சம்பந்தமே இல்லாததற்கு அதுதான் காரணம். என் மைத்துனர் அப்படிக் கட்டவில்லை. 2011ல் அவர் இறந்தபோது, மலையிலிருந்து உடலை வேனில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். பாக்கி 25 வருஷச் சந்தா. அதைக் கட்டினால்தான் குழி வெட்டலாம் என்பது விதி. அந்த விதியை வாசித்துச் சொன்ன பொருளாளர் நான்தான். வேறு யாராவது கேட்டால் நாளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வருமே என்று நினைத்தேன். காய்ச்சலில் பிழைத்தானே, அந்தப் பையன், மஞ்சள் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து என் மேசையில் எண்ணி வைத்தான். ரசீது எழுதினேன். ஜீப்பில் வந்த அந்தப் பாஸ்டர், தலை நரைத்துப்போய், கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து ஜெபிக்க அவருக்கு அனுமதி இல்லை என்று தீர்மானித்திருந்தோம். தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. தங்கச்சி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது அவள் போடியிலேயே மகனோடு இருக்கிறாள். அவர்கள் கூட்டத்திலும் முன்போல் ஆள் இல்லையாம். பேரன் ஞாயிற்றுக்கிழமை போனில் பெங்களூர் சபை ஒன்றைப் பார்க்கிறான், காணிக்கையும் அதிலேயே போய்விடுகிறது. பாயில் உட்கார்ந்து பழகின கிழவிகளுக்கு முழங்கால் மடங்கவில்லை, நாற்காலி வாங்கக் காசு இல்லை என்றாள். எங்கள் பெஞ்சு சும்மாதானே கிடக்கிறது என்று கமிட்டியில் சொன்னேன். ஒருத்தரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் சொல்வதாக இருக்கிறேன். இந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு யாரோ கொடுத்த ஏலக்காய் அரைக் கிலோவை நானே எடுத்தேன், அதனால் இப்போதைக்குக் கமிட்டியில் எனக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது.

2012லிருந்து தங்கச்சி வருஷம் தவறாமல் இங்கே சந்தா கட்டுகிறாள். அவர் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. போன வாரம் இந்த வருஷத்துப் பணத்தைப் பையனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். இப்போதைய பொருளாளருக்குக் கண் சரியில்லாததால் ரசீதை நான் எழுதினேன். அவள் பெயரை எழுதும்போது, அப்பா பதிவேட்டில் எழுதியிருந்த அதே எழுத்துக்கூட்டலில் எழுதினேன்.